கெய்ரோவுக்கு ஷார்ட்ஸ் எடுத்துப் போன கதை

எகிப்து, மொராக்கோ பக்கம் கோடையில் போகிறோம், என்ன உடுத்துவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். என்னைவிடத் தகுதியான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். உடுத்தக் கூடாததை உடுத்திக்கொண்டு போய் வந்தவன் நான்.

1999 ஜூன். மைத்துனன் கல்யாணத்துக்குக் கோவை போக வேண்டியிருந்தது. அப்போது நானும் மனைவி சுமதியும் ஆறு வயது மகள் ப்ரீத்தியும் டெக்சாஸில், டாலஸ் பக்கத்து இர்விங்கில் இருந்தோம். சுமதியின் அக்கா மாலதியும் அவர் கணவர் தண்டபாணியும் நியூ ஜெர்சி எடிசனில். "போற வழியில கெய்ரோவுல நாலு நாள் எறங்கிப் பாத்துட்டுப் போலாங்க சகலை" என்று யோசனை சொன்னதே தண்டபாணிதான்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கா வருவதற்கு முன் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். எனக்கு முன்பே கிரீன் கார்டு, எனக்கு முன்பே சொந்த வீடு. அதெல்லாம் போகட்டும். "மாமா சொன்னாரு" என்று சுமதி ஆரம்பிப்பாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரியும். கார் டயர் முதல் குழந்தையின் காது வலி வரை மாமா ஏதாவது சொல்லியிருப்பார். அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு போன் வந்தது. "சகலை, ஷார்ட்ஸ் மட்டும் வேண்டாங்க. லூசா காட்டன் பேன்ட், முழுக்கைச் சட்டை எடுத்துக்குங்க. வெயிலுக்கும் நல்லது, மசூதிக்குள்ளயும் விடுவாங்க."

"டெக்சாஸ் வெயில்ல இருக்கறவனுக்கே வெயிலப் பத்திச் சொல்றீங்களா சகலை?" என்றேன், சிரித்துக்கொண்டுதான். அன்று சாயங்காலமே ஃப்ரீவே ஓரத்து மாலுக்குப் போய் பக்கவாட்டில் பை வைத்த ஷார்ட்ஸ் மூன்று வாங்கினேன். அதுவரை எனக்கு ஷார்ட்ஸ் மீது அப்படி ஒரு ஆசை இருந்ததே இல்லை.

டாலஸிலிருந்து நெவார்க் மூன்றரை மணி நேரம். எடிசனில் ஒரு நாள் தங்கினோம். மாலதி அக்கா சுமதியை இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கூட்டிப் போய், முழங்கை தாண்டும் கையுள்ள காட்டன் சல்வார் நான்கு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் நியூயார்க் ஜேஎஃப்கேயிலிருந்து கெய்ரோ, பதினோரு மணி நேரம்.

முதல் நாள் பிரமிடு. நாள் முழுக்க டாக்சிக்கு நூறு எகிப்து பவுண்டு பேசினோம். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட முப்பது டாலர். டிரைவர் ஹசன் சகலையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் அரபியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பிறகு ஹசன் என் முழங்காலைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "மிஸ்டர், ஸ்விம்மிங் போறீங்களா?"

பின் சீட்டில் சுமதி சத்தமாகவே சிரித்தாள்.

ஒட்டகச் சேணத்தின் மேல் விரித்திருக்கும் கம்பளி எவ்வளவு சொரசொரப்பு என்பது முழு பேன்ட் போட்டவர்களுக்குத் தெரியாது. தொடை இரண்டும் உரிந்துவிட்டது. மணலிலிருந்து எழும்பும் சூட்டில் முட்டிக்குக் கீழே செக்கச் சிவந்து, ராத்திரி கால் மேல் போர்வை பட்டால்கூட எரிந்தது. டெக்சாஸில் வெயில் உண்டு. ஆனால் அங்கே நாம் ஏசி வீட்டிலிருந்து ஏசி காருக்கு நடக்கும் தூரம்தான் அந்த வெயிலில் இருக்கிறோம். இது அங்கே போய்த்தான் எனக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கோட்டை மேல் இருக்கும் பெரிய மசூதி. பெண்கள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டு நேராக உள்ளே போனார்கள். வாசலில் இருந்த பெரியவர் என்னை மட்டும் நிறுத்தி, கணுக்கால் வரை வரும் பச்சை அங்கி ஒன்றை நீட்டினார். மரியாதையாகத்தான் நீட்டினார்.

"அப்பா, யூ வில் லுக் லைக் எ க்ரிஸ்மஸ் ட்ரீ!" என்று ப்ரீத்தி குதித்தாள்.

"மாமா அப்பவே சொன்னாருல்ல?" என்றாள் சுமதி.

அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் அங்கியைப் போட்டிருப்பேன். "நீங்க பாத்துட்டு வாங்க, எனக்குத் தலைவலி" என்று சொல்லிவிட்டு வெளியே நிழலில் உட்கார்ந்தேன். திறந்த கதவு வழியாக உள்முற்றம் தெரிந்தது. ப்ரீத்தி பெரியப்பாவின் தோளில் உட்கார்ந்து, அவர் கை காட்டிய பக்கமெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என் பெண் அவருடைய தோளில் இருப்பதைப் பார்க்க முடியாமல் கீழே கிடந்த சிகரெட் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தில் சகலை மட்டும் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கியைப் பற்றிப் பேசவே இல்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காமப் போனா எப்படீங்க? என்னுது நாடா வெச்ச பேன்ட்டுதான், யாருக்கும் சேரும். பாத்ரூம்ல மாத்திக்கலாம் வாங்க. உள்ள அந்த வெளக்க அப்பாவோட பாக்கணும்ங்குது பாப்பா."

அவள் அப்படிச் சொன்னாளா, இவரே சேர்த்துக்கொண்டாரா தெரியாது. போனேன்.

அந்த பேன்ட் எவ்வளவு சுகம் தெரியுமா? காற்று உள்ளே புகுந்து வந்தது. உரிந்த தொடையில் துணி படுவதே தெரியவில்லை. சகலையின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, சகலையின் பேன்ட் மேலேயே பொறாமைப்பட்டேன். உள்ளே ப்ரீத்தி ஓடி வந்து என் கையை இழுத்தாள். கம்பளத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேல் வட்டம் வட்டமாகத் தொங்கிய விளக்குகளை இரண்டு பேரும் எண்ண ஆரம்பித்தோம். இரண்டு முறை எண்ணிக்கை தப்பி, மூன்றாவது முறை அவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால், என் ஷார்ட்ஸில் சகலை. உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நிற்க, யாரோ கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது உங்களுக்கு எடுப்பா இருக்குதே!" என்றார் மாலதி அக்கா. உண்மை. அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

அன்று ஓட்டலுக்குத் திரும்பியதும் மாலதி அக்கா ஒரு பையை நீட்டினார். நாடா வைத்த காட்டன் பேன்ட் இரண்டு, முழுக்கைச் சட்டை இரண்டு, விலைச்சீட்டோடு. என் அளவு. கிளம்பும் முன்பே சகலை எடிசனில் வாங்கி வைத்தாராம். "நேத்தே குடுத்திருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்கன்னு சொன்னாருங்க." அளவைப் போனில் சொன்னது சுமதி.

அங்கேயே விலைச்சீட்டுகளைக் கிழித்தேன். மீதி இரண்டு நாளும் அவற்றைத்தான் போட்டேன். பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. இன்றும் "மாமா சொன்னாரு" என்று கேட்டால் எரியத்தான் செய்கிறது.

போகிறவர்களுக்கு: ஆண்களுக்கு லூசான முழு பேன்ட், மெல்லிய முழுக்கைச் சட்டை, வெளிர் நிறத்தில். பெண்களுக்கு நம் காட்டன் சல்வாரைவிட நல்ல உடை அங்கே கிடையாது. துப்பட்டா தலைக்கும் ஆகும், தூசிக்கும் ஆகும். நைலான், பட்டு வேண்டாம். மசூதிகளில் அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் லேஸ் இல்லாத காலணி. மசூதி முற்றத்துப் பளிங்கு சுடும், கைப்பையில் ஒரு ஜோடி சாக்ஸ். வாசலில் அங்கி கொடுத்தால் பேசாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சொன்னாலும் கேட்காத ஆள் ஒருவர் உங்கள் கூட்டத்திலும் வருவார். அவருடைய இடுப்பளவை அவர் மனைவியிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.