மோகனூர் காரின் ஆர்.சி. புக்

நாமக்கல்லில் பழைய கார் புரோக்கராக இருபது வருடம் ஓட்டிவிட்டேன். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மோகனூர் செங்கோட்டுவேல் ஓய்வு பெற்ற வாத்தியார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை விட்டதால் காரை விற்கச் சொன்னார். புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். புதன்கிழமை வாத்தியார் போன் செய்தார். இன்சூரன்ஸ் இருக்கிறது, புகைச் சான்றிதழ் இருக்கிறது, பழைய டயரின் வாரண்டி அட்டைகூட இருக்கிறது. ஆர்.சி. புக்கை மட்டும் காணோம்.

அது இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. நானும் போய் மெத்தைக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் தேடினேன். அவர் மனைவி சரசு இரண்டு முறை டீ கொடுத்தார்; தேட மட்டும் வரவில்லை.

டூப்ளிகேட் வாங்க, முதலில் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக் காகிதங்களை எடுத்து வைப்பவர் சரசம்மா என்பதால் அவரையும் ஏற்றிக்கொண்டு, அதே காரை நான் ஓட்ட, ஸ்டேஷனுக்குப் போனோம். தொலைந்த விதத்தை வாத்தியார் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டே, கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார்.

"நானுங்க," என்றார் சரசம்மா. "இன்னைக்குக் காலைல பாத்தேனுங்க. தையல் மிஷின் டிராயர்ல இருக்குது."

ரைட்டர் பேனாவை மூடினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ஏன் சரசு சொல்லல?" என்றார் வாத்தியார், மெதுவாக.

"விக்கறதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? நீங்க ஓட்டறத விட்டதுமே, உங்களுக்குத் தெரியாம டிரைவிங் ஸ்கூல்ல பழகி லைசென்ஸும் எடுத்துட்டேன்."

பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். ரைட்டர் அதைத் திருப்பிப் பார்த்து, சரியாக இருப்பதாகச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது சரசம்மாதான் ஓட்டினார். நான் பின்சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். எதிரே வந்த கரும்பு லாரிக்கு அவர் நிதானமாக ஒதுங்கிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் ஓட்டறாளுங்க. புதுச்சத்திரத்துக்காரர்கிட்ட நீங்களே சொல்லீருங்க."

சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவருக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுக்க ஒரு மாதம் ஆயிற்று.

இப்போதெல்லாம் யாராவது ஆர்.சி. காணோம் என்று வந்தால், போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதில்லை. அவர்கள் வீட்டுக்கே போய், வண்டியை விற்பதில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டுவிட்டு, டீ குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் உள்ளே ஏதாவது ஒரு டிராயர் திறக்கும்.