இன்னிக்கு யார் பேர்ல?

பாதி டீயைக் குடித்துவிட்டுக் கஸ்பார் கிளாஸைப் பெஞ்சின் மேல் வைக்கிறான். அதன் மேல் ஒரு சாசரைக் கவிழ்த்து மூடுகிறான். மீதிப் பாதி, வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் குடிப்பதற்கு. கிடைத்துவிட்டால் டீக்கடை பஷீர் அதைச் சாலையில் வீசி ஊற்றிவிடுவார்.

"முழுசா குட்ச்சிட்டுத்தான் போயேன் நைனா" என்று பஷீர் தினமும் சொல்கிறார்.

"முழுசா குட்ச்சிட்டா அப்பால இன்னா நடக்கும்னு முடிவாயிட்ட மாரி கீது பாய்" என்று கஸ்பாரும் தினமும் சொல்கிறான்.

டீக்கடைக்கு எதிரே, திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் மறுபக்கம், இரும்பு வார்க்கும் தொழிற்சாலையின் கதவு. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு உள்ளே பாய்கின்றன. அவற்றின் மேல் இருப்பவர்கள் பர்மனென்ட் ஆட்கள். கதவுக்கு இடப்புறம் சுவரை ஒட்டி இன்னொரு கூட்டம் வரிசையில் நிற்கிறது. அவர்கள் பதிலிகள். சங்கு ஊதி அடங்கியதும் டைம் ஆபீஸ் கிளார்க் ஜன்னலில் தலையை நீட்டி, அன்று வராதவர்களின் பெயர்களைக் கூப்பிடுவார். ஒரு பெயருக்கு வரிசையிலிருந்து ஓர் ஆள். வராதவரின் பித்தளை டோக்கனை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், அன்று முழுவதும் அவன்தான் அவர். கோதண்டம் வராத நாளில் கஸ்பார் கோதண்டம். அமீர் வராத நாளில் அமீர். மேஸ்திரி அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதட்டுவார். கஸ்பார் "ஆங்" என்பான்.

அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரே கனவு: பர்மனென்ட் ஆவது. கஸ்பாருக்கு மட்டும் அது கெட்ட கனவு.

சோம்பேறி என்று அவனைச் சொல்லிவிட முடியாது. உருகிய இரும்பைக் கரண்டியில் ஏந்தி அச்சில் ஊற்றும்போது ஒரு சொட்டுச் சிந்தமாட்டான். ஆனால், நாளைக்கு என்ன என்பது இன்றைக்கே தெரிந்துவிட்டால் அவனுக்கு உள்ளங்கை வேர்க்கும். ராயபுரத்தில் ரயில்வே பட்டறை ஃபிட்டருக்குப் பிள்ளையாகப் பிறந்தவன். அப்பா சிபாரிசு பிடித்துப் பட்டறையில் சேர்த்துவிட்டார். நேரம் குத்தும் இயந்திரத்துக்குள் முதல் நாள் அட்டையைச் செருகியபோது அது 'டக்' என்று கடித்த சத்தம் பிடிக்கவில்லை. அந்த வாரத்தோடு நின்றுவிட்டான். பிறகு காசிமேட்டில் ஐஸ் உடைத்தான். பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கிழித்தான். எதிலும் நிலைக்காததைப் பார்த்து இரக்கப்பட்ட பங்குச் சாமியார், கோயில் மணி அடிக்கும் வேலையைக் கொடுத்தார். காலை, நடுப்பகல், மாலை. அவ்வளவுதான். கஸ்பார் மணிக்கூண்டில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நடுப்பகல் மணி சாய்ந்த வெயிலில் அடிக்கும். மணியை நம்பி உலை வைக்கும் தெருவெல்லாம் பசியோடு உட்கார்ந்திருக்கும். கடைசியில் சாமியாரே படியேறி வந்து கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பதிலி வரிசை அவனுக்குப் பொருந்தியது. யாரும் அவனை எதிர்பார்ப்பதில்லை. போகாத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. சங்கு ஊதி அடங்கிய பிறகு கிளார்க் முதல் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சின்ன நேரம் இருக்கிறது. "அந்த கேப்பு மட்டும்தான் பாய் நம்ம கைல கீது" என்று பஷீரிடம் ஒருமுறை சொன்னான். பஷீர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் அந்த விபத்து நடந்தது. எண்ணூரில் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தில் எழும்பி, எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த காலம். அன்று கஸ்பார் கோதண்டமாக உள்ளே போயிருந்தான். அச்சுப் பெட்டியைத் தூக்கிய சங்கிலி அறுந்தது. பெட்டி அவன் மேல் விழவில்லை. அறுந்த சங்கிலியின் நுனி மண்டையைத் தட்டிவிட்டுப் போனது. நினைவில்லாமல் கிடந்தவனை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டைம் ஆபீஸில் கழுத்து டோக்கனின் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய விலாசத்துக்கு ஆளை ஓட்டினார்கள். சைக்கிளில் போனவன் "அடி பட்டுடுச்சி" என்றுதான் சொன்னானாம். தண்டையார்பேட்டையில் கோதண்டத்தின் சந்துக்குள் அந்தச் சேதி நுழைவதற்குள், வாய்க்கு வாய் மாறி ஆள் செத்திருந்தான்.

கோதண்டம் மீஞ்சூரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பந்தியில் வயிறு நிறையச் சாப்பிட்டு, வெற்றிலை மென்றுகொண்டு, சாயங்கால ரயிலில் இறங்கி வந்தவர் தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தார். ஓரமாக நின்ற ஒருவரிடம், "இன்னா நைனா, யாரு பூட்டாங்க?" என்று கேட்டார். அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பை விட்டு ஓடினான். உள்ளே அவர் மனைவி மங்கை மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். தெளிந்து எழுந்தவள் முதலில் செய்த காரியம், அவரைத் துடைப்பத்தால் அடித்தது.

இந்தக் கதையைச் சொல்லித் தொழிற்சாலையில் இன்றும் சிரிக்கிறார்கள். கஸ்பாரின் மனைவி பிலோமி மட்டும் சிரிப்பதில்லை. அன்று முழுவதும் அவள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. மத்தி மீன் குழம்பு வைத்து, சட்டியை மூடி, வாசலில் நின்றாள். விளக்கு வைத்த பிறகு வந்து நின்றவர் கோதண்டம். முதுகில் துடைப்பக் குச்சியின் தடம். முகத்தில் பேயறைந்த களை.

"யம்மா, பயப்படாத. உன் வூட்டுக்காரன் என் பேர்ல ஆஸ்பத்திரில கீறான்."

ஆஸ்பத்திரியில் கஸ்பார் என்று யாரும் இல்லை என்றார்கள். கோதண்டம் என்று கேட்ட பிறகுதான் கட்டிலைக் காட்டினார்கள். தலையில் கட்டோடு படுத்திருந்தான். நர்ஸ் "கோதண்டம், மாத்திரை" என்று கூப்பிட்டாள். "ஆங்" என்று கண்ணைத் திறந்தான்.

அன்றிலிருந்து பிலோமிக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. முன்பெல்லாம் புருஷன் கிளம்பும்போது, "ராவுக்கு இன்னா ஆக்கட்டும்?" என்று கேட்பாள். இப்போது, "இன்னிக்கு யார் பேர்ல போவ?" என்று கேட்கிறாள். அது அவனுக்குத் தெரியாது. சங்கு ஊதும் வரைக்கும் கிளார்க்குக்கே தெரியாது. அதனால் அவளும் கூடவே கிளம்பிவிடுகிறாள். ஆண்கள் கூட்டத்துக்கு எதிரே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டீக்கடை ஓரமாக நிற்கிறாள். புருஷன் எந்தப் பெயருக்கு ஓடுகிறான் என்று கேட்டுக்கொள்கிறாள். பிறகு அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறாள். துணி துவைக்கும்போதும் அதே பெயர். அரிசி களையும்போதும் அதே பெயர். ஊரில் எங்கே சைக்கிள் மணி அடித்தாலும் அவள் கை அப்படியே நிற்கும். கஸ்பார் வீடு திரும்பியதும்தான் அந்தப் பெயரை வாயிலிருந்து விடுவாள். இப்போது வயிற்றில் குழந்தை வேறு.

"புள்ளையாண்ட அப்பன் பேரு இன்னான்னு கேட்டா, தினிக்கும் ஒண்ணு சொல்லும் போல கீது" என்று பஷீரிடம் ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த மாதம் லோகநாதன் ஓய்வு பெறுகிறார். வார்ப்புக் கூடத்தின் மூத்த பர்மனென்ட். அவர் இடம் பதிலிகளில் பழையவனுக்கு என்று சங்கம் பேசி முடித்திருந்தது. பழையவன் கஸ்பார். திங்கட்கிழமை காலையில் கிளார்க் எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். பதில் கொடுத்தால் இடம் அவனுக்கு. கொடுக்காவிட்டால் அடுத்தவனுக்கு. மறுபடி ஒரு முறை கிடைக்காது.

சனிக்கிழமை லோகநாதன் அவனைத் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். பர்மனென்ட் ஆட்களுக்குச் சட்டை மாட்ட ஆளுக்கு ஓர் ஆணி உண்டு. பதிலிகள் சட்டையைச் சுருட்டி மணல் குவியலின் மேல் எறிவார்கள்.

"இத்த பாரு கஸ்பாரு. இனிமே உன்னுது. ஆட்டிப் பாரு."

கஸ்பார் ஆணியைப் பிடித்து இழுத்தான்.

"ஆடாதுடா. நா பூட்டாகூட ஆடாது" என்று சிரித்தார் லோகநாதன்.

கஸ்பாரின் கண் ஆணிக்குக் கீழே போயிருந்தது. வேர்வைச் சட்டை தினமும் உரசி உரசி, சுண்ணாம்புச் சுவரில் ஒரு கறை படிந்திருந்தது. தோள் இருந்தது. முதுகு இருந்தது. யாரோ ஓர் ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. கஸ்பார் தன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெளியே வந்து சாலை ஓரத்தில் குந்தி வாந்தி எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோமி மாதா சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"மெய்யாலுமே கேக்கறேன், சொல்லு. ஒனுக்கு இன்னாதான்யா ஓணும்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "ஒண்ணியும் ஓணாம் மே."

"ஒண்ணியும் ஓணாங்கிற ஆளு, என்னிய இன்னாத்துக்குக் கட்டிக்கின?"

"ஃபாதர் கேட்டாரு. ஆங்னேன்."

பிலோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்த தண்ணீர் இல்லை என்று கஸ்பாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அதே மாரி நாளைக்கு ஒரு தபா சொல்லிடுய்யா. ஒரே ஒரு ஆங்கு. அப்பால நா அந்த கேட்டாண்ட வந்து நிக்கமாட்டேன். எவன் பேரையும் நெஞ்சில சொமந்துகினு திரியமாட்டேன். எதுனா ஆச்சின்னா நேரா என் வூட்டுக்கு வந்து சொல்லுவாங்க இல்ல?"

"சொல்லுவாங்க மே."

"அது போதும்யா எனுக்கு."

"எனுக்கும் பயமாத்தான் கீது பிலோமி. வெளியில நின்னா பயமா கீது. உள்ள பூட்டா அத்தவிட பயமா கீது."

"எனுக்கு ரெண்டும் பயமா கீது. நீ ஒண்ணையாவது கொறைய்யா."

திங்கட்கிழமை பஷீர் டீயை நீட்டும்போதே, "இன்னிக்கு முழுசா குடி, மாப்ள" என்றார். கஸ்பார் பாதி குடித்தான். கிளாஸைப் பார்த்தான். மீண்டும் எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு சாசரை மூடினான். பிலோமி அவன் சட்டைக் காலரை நீவிவிட்டாள். அவன் வரிசையில் போய் நின்றான். கோதண்டம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, "வா மாமு, இனிமே உன் மண்டைய நீயே ஒடச்சிக்கோ" என்று கத்தினார். வரிசை சிரித்தது.

சங்கு ஊதியது. அடங்கியது.

"கஸ்பார்!"

அந்த ஜன்னலிலிருந்து தன் பெயரை அவன் கேட்டதே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுவது போல் இருந்தது. பின்னால் நின்றவன் முதுகில் இடித்தான். "யோவ், உன்னியதான்."

"கஸ்பார்!"

வாயைத் திறந்தான். சுவரைப் பார்த்து நிற்கும் அந்தக் கறுத்த முதுகு கண்ணுக்கு நேரே வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பிலோமி ஜன்னலைப் பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு, 'ஆங்' என்பதுபோல் தானாகவே பிரிந்திருந்தது.

"கஸ்பார்! கடேசி தபா!"

கஸ்பாரின் நெற்றியிலிருந்து வேர்வை ஓடி மூக்கு நுனியில் நின்றது.

கிளார்க் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த பதிலியின் பெயரைச் சொன்னார். "வரேன் சார்!" என்று ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். அவன் ஓடும்போதே அழுதுகொண்டிருந்தான்.

"கஸ்மாலம்" என்று பஷீர் மெதுவாகச் சொன்னது சாலைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

பிறகு வராதவர்களின் பெயர்கள் தொடங்கின. ஒன்று போனது. இரண்டு போனது.

"அமீர்!"

"ஆங்" என்றான் கஸ்பார்.

அது அவன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. கால்கள் ஜன்னலுக்குப் போயிருந்தன. கிளார்க் டோக்கனை அவன் உள்ளங்கையில் போட்டார். திரும்பிப் பார்த்தான். பிலோமி நடக்கத் தொடங்கியிருந்தாள். முந்தானை அவிழ்ந்து தோளில் தொங்கியது. ஒரு கை இடுப்பில் இருந்தது.

"பிலோமி! அமீரு! அமீரு பேர்ல!"

அவள் திரும்பவில்லை.

"மே! அமீரு வூடு கொருக்குப்பேட்டைல!"

அவள் நின்றாள். திரும்பவில்லை. காவல்காரன் கதவைத் தள்ளத் தொடங்கினான். கஸ்பார் டோக்கனைக் கழுத்தில் மாட்டாமல், இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தி, எண் தெரியும் பக்கத்தைச் சாலைப் பக்கம் திருப்பி, இரும்புக் கதவு முழுதாக மூடும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.