அம்மாளிடம் நான் சொல்லாமல் விட்ட பெயர்

எங்கள் கண்ணகை அம்மன் கோயில் விழா மலருக்கு, அம்மாளிடம் கேட்டுப் பெற்றதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் கிடைத்தது. அதனால்தான் எழுதக் கை கூசுகிறது.

சண்டை நடந்த காலம். உதைபந்தாட்டத்தில் இடது பக்கம் ஓடிய ஆள் நான். முழங்காலில் ஷெல் துண்டு ஏறியதோடு ஓட்டம் முடிந்தது. இடம்பெயர்வில் என் கழகமும் கலைந்துபோனது. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பந்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. வாவிக்கரையில் மூன்று ஊர் சேர்ந்து புதிய கழகம் தொடங்கி முகாமையாளர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். சம்பளம் சொற்பம். ஆனால் ஆமி முகாமிலிருந்து அனுமதிக் கடிதம் கிடைக்கும். அது இருந்தால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பயமில்லாமல் போய்வரலாம்.

வேலை செல்வத்துக்குப் போனது. எத்தனையோ வருடம் எனக்குப் பின்னால் நின்று கோல் காத்தவன். கழகத் தலைவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்: "தம்பி, நொண்டுற ஆளக் கண்டா ஆமிக்காரன் காயம் எப்பிடி வந்தது எண்டு கேப்பான். எங்களுக்குத்தான் கரைச்சல்."

வைகாசியில் வருடச் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தார்கள். கதவு திறந்ததிலிருந்து, கடைசி நாளில் அவளைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடும்வரை அம்மாள் கோபத்தோடு இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். அந்த நாட்களில் வீட்டில் யாரையும் ஏசக்கூட விடமாட்டார்கள். நான் அந்த நாளாகப் பார்த்துப் போய் நின்று, "செல்வத்த அந்த மனேஜர் கதிரையில இருந்து எழுப்பு தாயே" என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

மூன்றாம் நாள் பட்டணத்தில் போட்டி. ஆடுபவர்களின் பெயர்ப் பட்டியலை முந்தின நாளே முகாமுக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. பட்டியலில் இருந்த சிவா காய்ச்சலில் விழுந்துவிட்டான். காலையில் செல்வம் என்னிடம் வந்தான்.

"மச்சான், சிவாட அடையாள அட்டையோட வாவிக்கு அங்கால படுவான்கரையில இருக்கிற யோகனக் கூட்டிப் போகப்போறன். படம் மங்கிப்போய்த்தான் கிடக்கு. பயமில்லையே?"

ஆள் மாற்றி இறக்குவது எங்கள் பக்கத்தில் பழைய வித்தை. நானே மூன்று பேரின் பெயரில் ஆடியிருக்கிறேன். ஆனால் பாலத்தடிச் சோதனைச் சாவடிக்குப் புதிதாக வந்தவர்கள், படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து இரண்டு பேரை மடக்கியதை முந்தின நாள்தான் கண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நீதானே மனேஜர்" என்றேன்.

இருவரையும் பாலத்திலேயே பிடித்தார்கள். மறுநாள் வேறு ஆள் கிடைக்காமல் அதே தலைவர் கதிரையை எனக்குத் தர வந்தார். நான் மறுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே செல்வத்தின் மனைவி வந்தாள். "அண்ணன், உங்கட கையில கடிதம் இரிக்குத்தானே. ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்க" என்றாள். போய் முகாம் வாசலில் பொழுது சாயும்வரை நின்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. என் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

குளிர்த்தி அன்று சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். "கதிரை வேணாம் தாயே. செல்வத்தத் தா" என்று வாய்விட்டு அழுதேன். பூசகர் வேப்பிலையால் தீர்த்தம் தெளித்தார்.

ஐந்தாம் நாள் செல்வம் நடந்து வந்தான். இரண்டு கை விரல்களும் மடங்கவில்லை. பந்தைப் பிடித்த கைகள். நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான்.

"நாங்க பிடிபடுறதுக்கு முதல் நாள் நீ அந்தப் பாலத்தால வந்தாய்தானே?"

"ஓம்."

மனைவி கொடுத்த தேத்தண்ணீரை இரண்டு மணிக்கட்டுக்கும் இடையில் வைத்துக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

யோகன் வரவில்லை. அவனுடைய தாய் தோணியில் வாவியைக் கடந்து முகாமுக்குப் போனாள். அப்படி ஒரு பெயரில் யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். அவர்களின் புத்தகத்தில் இருந்தது சிவாவின் பெயர். உண்மையைச் சொன்னால் காய்ச்சலில் கிடந்த சிவாவையும் தூக்குவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க அம்மாளிட்டக் கேட்டுத்தான் செல்வம் வந்ததாம். எண்ட மகண்ட பேரையும் சொன்னீங்களா தம்பி?"

நான் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு அவன் ஞாபகமே வரவில்லை.

கதிரையை விடுகிறேன் என்று செல்வத்திடம் போனேன். "நீ விட்டா பொடியன்கள ஆர் பாலத்தால கூட்டிப் போற?" என்று திட்டி அனுப்பினான். சண்டை முடியும்வரை நான்தான் கூட்டிப்போனேன். யாரையும் அடுத்தவன் பெயரில் இறக்கவில்லை. சாவடியை முதலில் நான் கடந்து, பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டேன். ஒருவரைக்கூட இழக்காமல் அம்மாள் காத்தாள். செல்வம் இன்றும் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து கோல் காக்கும் பொடியன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் தாய்க்கு நன்றி சொல்கிறேன்.

அடியவர்களே, அம்மாள் கேட்டதைத் தருவாள். நம்பி வாருங்கள். கோபத்தை மட்டும் அவள் வாசலுக்குக் கொண்டுவராதீர்கள். யோகனின் தாய் வருடா வருடம் குளிர்த்திக்கு வருகிறாள், நானும் அவள் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, யோகன் என்றும் ஒருமுறை சொல்லுங்கள்.