முழங்காலில் ஒரு மூக்கு

சனிக்கிழமை காலை 5.52. மூன்றாம் மாடிப் பலகணியிலிருந்து முதலில் கண்ணில் பட்டது, பக்கச் சுவரோரத் தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டிருந்த நாய். நீல நைலோன் கயிறு. அதை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை.

கட்டியவர் எங்கள் தொடர்மாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். வாசலில் நாய் மயிர் என்று நாலாம் மாடியிலிருந்து முறைப்பாடு வந்திருந்தது. "காவலுக்கு ஆள் இருக்கேக்க நாய் என்னத்துக்கு?" என்று முதல்நாள் கூட்டத்தில் கேட்டார். நாயைத் தூரத்தில் கொண்டுபோய்விட இன்று பத்து மணிக்கு முச்சக்கரவண்டி சொல்லியிருந்தார். இப்போது கட்டிவிட்டுக் கடற்கரைக்கு நடக்கப் போனார்.

காவலாளி மலையகத்து ஹற்றன் பக்கத்தவர், அறுபதைத் தாண்டியவர். அவருக்குக் காது கேட்காது என்பது இங்கே எனக்கு மட்டும் தெரியும். எதிரே நின்று கதைத்தால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். வாசல் கேற்றோ முழுத் தகரம்; வெளியே நிற்பவர் தெரியமாட்டார். "அது போயிருச்சுன்னா என் வேலையும் போயிருங்க," என்று முதல்நாள் மாலை என்னிடம் சொன்னார். "சொல்லிறாதீங்க."

நாய் இரண்டு வருடங்களுக்கு முன் ரயில் பாதைப் பக்கமிருந்து வந்தது. கேற்றில் யாராவது தட்டினால் முதலில் குரைத்துப் பார்த்தது. காவலாளி அசையவில்லை. ஒருநாள் மூக்கால் அவர் முழங்காலை இடித்தது. அவர் எழுந்து கேற்றைத் திறந்தார். திரும்பி வந்து தேநீரில் தோய்த்த மாரி பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தார். அதன்பின் அது குரைத்ததில்லை.

பத்திரிகையில் அறிவியல் பக்கத்தைத் திருத்திய நாட்களில் ஓநாய் நாயான கதை பலமுறை என் மேசைக்கு வந்திருக்கிறது. மனிதன் எறிந்த எலும்பைத் தேடி ஓநாய் வந்தது. ஆளைக் கண்டு ஓடாதது வயிறு நிறையத் தின்றது. அதன் வழிவந்த குட்டிகளில் காவல் காப்பதையும் மந்தை மறிப்பதையும் மனிதன் தன்னுடன் வைத்துக்கொண்டான். பல்லாயிரம் வருட வேலை. கேற்றடியில் நடந்ததில் யார் யாரைப் பழக்கினார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

6.20க்குச் செயலாளர் பேக்கரிப் பாணுடன் திரும்பிவந்து கேற்றில் தட்டினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மறுபடி தட்டினார். "வாச்சர்! வாச்சர்!" என்று கூப்பிட்டார். காவலாளி கோப்பையை ஊதிக்கொண்டிருந்தார். குழாயடியில் நாய் குரைக்கத் தொடங்கியது. நான் திறந்துவிட்டால் ஏன் என்று கேள்வி வரும், திறக்காமல் விட்டாலும் வரும். படியால் இறங்கி ஓடினேன். கீழே போய்ச் சேர்ந்தபோது நாய் சுருக்கிலிருந்து தலையை உருவிக்கொண்டு வந்து, மூக்கைக் காவலாளியின் முழங்காலில் வைத்திருந்தது. அவர் எழுந்து தாழ்ப்பாளை இழுத்தார்.

"வாங்க சார். நனைஞ்சிட்டீங்களே."

செயலாளர் உள்ளே வந்தார். குழாயில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். காவலாளி கேற்றை மூடத் திரும்பியதும் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டினார். அவர் திரும்பவில்லை. நாய் போய் முழங்காலைத் தொட்டது. திரும்பினார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?" என்று செயலாளர் என்னிடம் கேட்டார்.

"ரெண்டு வருசமாவது இருக்கும்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நாயும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை."

அவர் ஈரத் தலையைத் தடவிக்கொண்டார். "ரெண்டு வருசத்தில கேற் பிந்தித் திறந்தது இண்டைக்குத்தான். அதுவும் நான் கட்டினபடியால." பாணில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்கு நீட்டினார். அது முகர்ந்துவிட்டு உட்கார்ந்தது.

"பாணு திங்காதுங்க சார்," என்றார் காவலாளி. "மாரி பிஸ்கட்டுதான்."

பத்து மணிக்கு முச்சக்கரவண்டி வந்தது. செயலாளர், காவலாளி, நாய், மூவரும் ஏறி மிருக வைத்தியரிடம் போனார்கள். அவர்கள் வரும்வரை கேற்றை நான் பார்த்துக்கொண்டேன். நாயின் தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் எங்கள் தொடர்மாடியின் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது.