அக்காவின் வலது தோள்

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவர்கூடத் தன்னை முழுசாகப் பார்த்ததில்லை. இன்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வீட்டுக்கு ஒரு கண்ணாடி, உள்ளங்கை அகலம், சுற்றிலும் சிவப்பு வளையம். உள்ளே இருட்டு என்பதால் வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டியிருப்போம். புருவத்தைப் பார்த்தால் மூக்குத் தெரியாது, மூக்கைப் பார்த்தால் தாடை தெரியாது. கழுத்துக்குக் கீழே உள்ள சங்கதியெல்லாம் மற்றவர்கள் பார்வைக்குத்தான்.

அப்படி இருந்த அக்காவைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஹட்டனுக்குக் கூட்டிப்போனாள். தை மாதம் அவளுக்கும் எங்கள் தாய்மாமன் மகனுக்கும் கல்யாணம், சேலை எடுக்கவேண்டும். நானும் தொற்றிக்கொண்டேன். புடவைக் கடையில் புதிதாக ஓர் ஆளுயரக் கண்ணாடி நின்றது. சீமைக்குத் திரும்பிய யாரோ ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது எடுத்ததாம். கடைக்காரர் அரக்குச் சேலை ஒன்றை அக்காவின் தோளில் போட்டு, "அங்கன நின்னு பாருங்க தங்கச்சி" என்றார்.

முதலில் ஓடிப்போய் நின்றது நான்தான். என் முழங்கால் இரண்டும் அவ்வளவு கறுப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா என்னைத் தள்ளிவிட்டு நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு சேலையை மடித்துக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "வேணாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"ஏண்டி, கலரு புடிக்கலையா?"

"சேலைக்கு ஒண்ணுமில்ல."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா பொரிந்து தள்ளினாள். கடைக்காரன் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளாம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியவள்தான். சாயங்காலம் பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தில் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னாள்.

"என் வலது தோள் எறங்கி இருக்குடி. ஒரு வெரக்கட கீழ."

அடியாத்தி, இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். ஆனால் அக்காவின் சுபாவம் அப்படி. பின்னலில் ஒரு பிரி தடித்திருந்தால் அவிழ்த்து முதலிலிருந்து பின்னுவாள். அதனாலேயே காலைப் பெரட்டுக்குப் பிந்திப்போய், பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அவள் கூடையில் ஒரு முற்றல் இலை கிடக்காது. அப்படிப்பட்டவள் உடம்பிலேயே ஒரு கோணல் என்றால் விடுவாளா?

எனக்கோ, அது நிஜம்தானா என்று தெரிந்தாகவேண்டும். மூங்கிலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அவள் தோள்களின் மேல் தொட்டிபோல வைத்து, நடுவில் கோலிக்குண்டை விட்டேன். வலது பக்கம் உருண்டு விழுந்தது. லயமே சரிவில்தானே கட்டியிருக்கிறது, தரையின் குற்றமாக இருக்கலாம் என்று அவளை மறுபக்கம் திருப்பி நிற்கவைத்தேன். அப்போதும் வலது பக்கம்தான். நான் ருசி கண்டுவிட்டேன். அம்மாவை இஸ்தோப்புத் திண்ணையில் நிறுத்திக் குண்டை விட்டேன். வலது. பக்கத்து வீட்டு அத்தைக்கும் வலது. எல்லோரும் தண்ணீர்க் குடத்தையும் கைப்பிள்ளையையும் இடது இடுப்பில் சுமப்பவர்கள், உடம்பு வலது பக்கம் சாயாமல் என்ன செய்யும்? பெரிய கண்டுபிடிப்பு என்று அக்காவிடம் ஓடினேன்.

"அவங்க கோணலா இருந்தா எனக்கென்ன? நான் நேரா இருக்கணும்" என்றாள். பின்னலை அவிழ்த்தபடியே, "ஒன்னய மூணு வருசம் இடுப்புல தூக்கிச் சொமந்தேன்ல, அந்த வெனதாண்டி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நானா தூக்கச் சொன்னேன்?

அன்றிலிருந்து குடம் வலது இடுப்புக்கு மாறியது. பழக்கமில்லாத பக்கம், பாதித் தண்ணீர் பாவாடையில்தான். மார்கழிக் குளிரில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருவாள். கொழுந்து பறிக்கும்போதும் வலது தோளை விறைப்பாகத் தூக்கிப் பிடித்தபடியே நிற்பாள், ராத்திரியில் கழுத்து வலி என்று முனகுவாள். நான் தினமும் குண்டை உருட்டிப் பார்த்துச் சேதி சொல்லவேண்டும். ஒருநாள் அம்மாவிடம் ஒரே போடாகப் போட்டாள்.

"கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளிவைம்மா. இப்பிடியே மணவறையில ஒக்கார மாட்டேன்."

"தோளு நிமிரட்டும்னு தள்ளி வச்சிருக்கோம்னு ஒங்க மாமாகிட்டச் சொல்லவா? காறித் துப்புவாரு. ஒங்கத்த அவ அண்ணன் மகளக் கொண்டாரக் காத்துக்கிட்டு இருக்கா. தள்ளிப் போட்ட, அம்புட்டுத்தான், மச்சான மறந்துரு!"

மச்சான் என்றால் அக்காவுக்கு உயிர். அது லயத்துக் கோழிகளுக்குக்கூடத் தெரியும். அப்படியும் பிடிவாதத்தை விடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

சேதி எப்படியோ ஆற்றைத் தாண்டி எதிர் மலைத் தோட்டத்துக்குப் போய், அடுத்த ஞாயிறு மச்சான் வந்துவிட்டார். பீலிக்குப் போகும் பாதையில் எங்களை மறித்தார்.

"என்ன புள்ள, கல்யாணம் வேணாமாமே?"

அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராக நின்றாள்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க. என் தோளு கோணலா இருக்கா?"

நான் மனசுக்குள் கெஞ்சினேன்: இல்லை என்று சொல்லித் தொலையேன் மனுசா! அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆமா. வலது தோளு எறக்கம். அது சின்னதுலருந்தே அப்பிடித்தான?" என்றார். "நாங்க அந்த மலையில தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுறோம், நீங்க இந்த மலையில கொழுந்து எடுக்குறீங்க. எல்லாரும் தலையில கொங்காணி போட்டு, கூடையத் தொங்கவிட்டு ஒரே மாதிரி நிக்கிறீங்க. அந்தத் தோளப் பாத்துத்தான் ஒன்னக் கண்டுபிடிப்பேன். இப்ப கொஞ்ச நாளா ஒன்னக் காணோம். மேலுக்குச் சொகமில்லையோன்னு பயந்துபோயிட்டேன்."

இதைக் கேட்டு அக்கா உருகிவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவளோ ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அந்த மலைக்கே தெரியுதா? ஐயோ, அந்த மலைக்கே தெரியுதா!"

மச்சான் பேந்தப் பேந்த விழித்தார். என்ன தப்பாகச் சொன்னோம் என்று என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அக்கா குடத்தைத் தூக்கி வலது இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

மறுநாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். இனி என்ன நடக்கும் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் தேத்தண்ணி கொண்டுபோகிறேன் என்று மலைக்கு ஏறினேன். அக்கா மேல் நிரையில் வழக்கம்போல விறைப்பாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர் மலையில் ஆண்கள் வரிசையாகக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். எறும்பளவுதான் தெரிந்தார்கள். யார் மச்சான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா கையை நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, வலது தோளை இறக்கினாள். இறக்கிவிட்டு அசையாமல் எதிர் மலையைப் பார்த்தபடி நின்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வரிசையில் ஓர் எறும்பு நிமிர்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து, வட்டமாக வீசியது.

சட்டென்று விறைத்துக்கொண்டு திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்னடி வேடிக்க? போயி அம்மாகிட்டச் சொல்லு, தையிலயே வச்சுக்கலாம்னு."