ஜீப்பில் வீடு வந்த அமலதாஸ்

சேஷாத்ரி சாரின் போன் காலையில் வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அணைத்துவிட்டு எடுத்தேன். "லலிதா, தாஸ் போயிட்டான்மா. காபி எடுத்துண்டு போய் எழுப்பினேன். எழுந்துக்கலை" என்றார். ராயப்பேட்டையில் நம் அலுவலகத்தில் அமலதாஸ் சாரோடு பழகிய உங்களில் பலருக்கு நான்தான் செய்தி சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் உடனே கேட்டது, "சேஷாத்ரி சார் எப்படி இருக்காரு?" என்றுதான். அந்தக் கேள்வியை நம் வாயிலிருந்து வரவழைக்க தாஸ் சாருக்கு ஓர் ஆயுள் பிடித்தது.

பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாஸ் சார் சாந்தோம்காரர். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடியவர். நம் பிரிவில் உதவியாளர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த மயிலாப்பூர் சேஷாத்ரியோடு அடையாறில் ஒரே வீட்டில் வாழ்ந்தார். இரண்டு பிரம்மச்சாரிகள், வாடகையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஊர் நினைத்தது. அப்படி இல்லை என்று எவனோ ஒரு புண்ணியவான் மேலதிகாரிக்குப் பெயரில்லாமல் எழுதிப் போட்டான்.

முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அன்றைய அதிகாரி தாஸ் சாரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, "உன்ன மாதிரி ஆள வெச்சுக்கிட்டு நான் ஆபீஸ் நடத்த முடியாது. நீயே ராஜினாமா எழுதிக் குடுக்கறியா, போலீஸக் கூப்பிடவா?" என்று கேட்டார். சட்டமும் அப்போது அவர் பக்கம்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தாயிற்று. முன்வாசல் வழியாகப் போகக்கூடாது, பின்கேட் வழியாகப் போ என்றார்கள். நான் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். ஆத்திரம் தாங்காமல், "இது அநியாயம் சார்!" என்று கத்திவிட்டேன். தாஸ் சார் திரும்பி, "சும்மா இரும்மா லலிதா. உன் வேலைக்கும் உலை வெச்சுக்காத" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் நின்றார். ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் வரும்வரை தலையைக் குனியவே இல்லை, மனுஷன்.

அதன்பின் மார்க்கெட் பக்கம் டைப்பிங் கடை வைத்தார். அரசு அலுவலகங்களில் அலைக்கழிந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் தொழில். "நான் கவர்மென்ட்ட உட்டாலும் அது என்ன உடல பாத்தியா" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

சட்டம் மாறி, இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வது இனிக் குற்றமில்லை என்று ஆனபோது நான் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "குத்தமில்லன்னு சொல்லிட்டாங்க, சரி. குத்தம்னு சொல்லித் தொரத்துனதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். வெளிநாட்டில் ஒரு பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, இதே காரணத்துக்காக வேலையிழந்த ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டதை டிவியில் பார்த்திருந்தார். "கண்ணத் தொடச்சிக்கினே கேக்குறாரு லலிதா!" என்று குழந்தை மாதிரி வியந்தார். "அங்க கேப்பாங்க. இங்க எவன் சார் கேப்பான்?" என்று எரிந்து விழுந்தேன். "கேட்டுப் பாக்காம இன்னா தெரியும்?" என்றார்.

கேட்டார். மனு மேல் மனு போட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். சில சமயம் அதுவும் வராது. இதற்குள் நானே ஓய்வு பெற்றுவிட்டேன். பிறகுதான் நம் அலுவலகத்துக்கு அந்த இளம் பெண் அதிகாரி வந்தார். தாஸ் சார் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். பிடிவாதமாக முன்வாசல் வழியாக.

அதிகாரி முழுவதையும் கேட்டார். முகம் வாடிவிட்டது. "சார், அரசாங்கத்தின் சார்பாக மன்னிப்புக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. அது மேலிடத்தில் முடிவாக வேண்டியது" என்றார். நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். தாஸ் சார் எழுந்திருக்கவில்லை. "மேலிடம் மெதுவா வரட்டும் மேடம். எனக்கு ஒரு சென்ட்-ஆஃப் குடுக்க உங்களுக்கு அதிகாரம் கீது இல்ல? மாலை போட்டு, ஆபீஸ் ஜீப்புல ஏத்தி, வீட்டு வாசல்ல கொண்டுபோய் உடுங்க. எல்லாருக்கும் செய்யறீங்களே, அதுக்கு கவர்மென்ட் ஆர்டர் வாணாமே?"

நான் அசந்துபோனேன். நம் அலுவலக வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறுகிறவருக்கும் அவர் மனைவிக்கும் மேடையில் மாலை. பிறகு அதிகாரியே ஜீப்பில் கூடவே போய், வீட்டு வாசலில் குடும்பத்தாரிடம், "இத்தனை வருஷம் எங்ககிட்ட இருந்தார். நல்லபடியா உங்ககிட்ட ஒப்படைக்கிறோம்" என்று சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவார். எவனும் ஒரு பொருட்டாக நினைக்காத அந்தச் சடங்கை இந்த மனிதர் இத்தனை வருடமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். அதிகாரி மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார். "எந்தக் கிழமை சார் சௌகரியம்?" என்றார்.

சேஷாத்ரி சார் விழாவுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். "எல்லாரும் என்னையே பார்த்துண்டிருப்பா. நான் ஆத்துல இருந்து காபி போட்டு வெக்கறேன், போ" என்றாராம். ஆனால் ஊழியர் சங்கத்துக் கபாலி, பூக்கடையில் எப்போதும் சொல்வதுபோலவே இரண்டு ரோஜா மாலைக்குச் சொல்லிவிட்டான். மேடையில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. அதை மேஜைக்கு அடியில் தள்ளப் பார்த்தான், அதிகாரி கவனித்துவிட்டார். "அது யாருக்கு?" கபாலிக்கு வியர்த்துவிட்டது. "பழக்க தோஷம் மேடம்... வீட்டம்மாவுக்குன்னு ஜோடியாவே சொல்லிட்டேன்..." "ஜீப்பில் வையுங்க" என்றார் அதிகாரி.

பிறகு மைக்கைப் பிடித்தார். "அரசாங்கத்துக்காக நான் பேச முடியாது. இந்தக் கூடத்துக்காகப் பேசலாம். இங்கிருந்து உங்களை வெளியே அனுப்பியது தவறு. எங்களை மன்னிச்சிடுங்க சார்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாஸ் சார் எழுந்து கைகூப்பினார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "மேடம், பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தபா சொல்றீங்களா?" என்றார். அந்தப் பெண்ணும் இன்னும் உரக்க, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும் ஜாதியா அவர்! தனக்குச் சேர வேண்டியது முழுதாக வரும்வரை நின்று வாங்கினார். என் வாழ்நாளில் அப்படி ஒரு தைரியத்தை நான் பார்த்ததில்லை.

ஜீப் முன்கேட் வழியாகப் புறப்பட்டது. அன்று நின்ற பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது டிரைவரிடம், "மெதுவா போ நைனா, ஜனங்க பாக்கட்டும்" என்றார். அடையாறு வீட்டு வாசலில் சேஷாத்ரி சார் வேட்டியைத் தடவித் தடவிச் சரிசெய்தபடி நின்றிருந்தார். அதிகாரி இறங்கினார், அந்த இரண்டாவது மாலையை எடுத்தார், அவர் கழுத்தில் போட்டார். "இவர் எங்ககிட்ட இருந்திருக்க வேண்டிய வருஷமெல்லாம் உங்ககிட்டதான் இருந்தார். இனிமேலும் நல்லபடியா உங்ககிட்டயே ஒப்படைக்கிறோம் சார்." வாழ்நாளெல்லாம் வகுப்பை அடக்கிய வாத்தியார், "காபி... காபி ஆறிடும், உள்ள வாங்கோ" என்றார்.

அடக்கத்தன்று தாஸ் சாரின் சொந்தங்கள் ஒருவரும் வரவில்லை. கல்லறையில் பாதிரியார், "குடும்பத்துல முதல்ல மண் போடுறது யாரு?" என்று சுற்றிலும் பார்த்தார். "இன்னா ஃபாதர், மாமா இங்கதான கீறாரு" என்று கபாலி வழிவிட, நாம் எல்லோரும் விலகி நின்றோம். சேஷாத்ரி சாருக்கு அந்தக் கோயில் ஜெபம் எதுவும் தெரியாது. ஒரு பிடி மண்ணை வைத்துக்கொண்டு யோசித்தார். "இத்தனை வருஷம் எங்காத்துல இருந்தான். நல்லபடியா உங்ககிட்ட ஒப்படைக்கறேன்" என்றார். பாதிரியார் ஆமென் சொன்னார். நானும் சொன்னேன்.

அரசாங்கம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருநாள் கேட்கும். அன்றைக்கு நான் உயிரோடிருந்தால், எந்தக் கூட்டமானாலும் போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன். அவர்கள் பேசி முடித்ததும் எழுந்து நின்று, "பின்னாடி கேக்கல, இன்னொரு தபா சொல்லுங்க" என்பேன். தாஸ் சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.