சுற்றுலாப் பயணியாகத் தெரியாதவர்

என் வீட்டுக்காரருக்கு ஊர் சுற்றிப் பார்க்கத் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து தலையே நரைத்துவிட்டது, எதிர்ப்பக்கத்துப் பூங்காவுக்குள் இன்னும் கால் வைத்ததில்லை. "அங்க என்ன இருக்கு, மரம்தானே" என்பார். மனிதர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களுக்கு நடுவே, வெயில் எட்டிப் பார்க்காத குழிக்குள், கிரீஸும் இரும்பு வடமுமாக அவருடைய பகல் கழியும். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் கதவோரம் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வெளியதான் நிக்கிறேன்" என்று இந்த ஊர்ப் பாஷையில் அரைகுறையாகச் சொல்வாராம். அதைக் கேட்டதுமே உள்ளே அழுகை நின்றுவிடும் என்று அவருடைய சூப்பர்வைசர் என்னிடமே சொல்லியிருக்கிறார். வீட்டில் மட்டும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவர் டூரிஸ்ட் விசா கேட்டுப் போய் நின்றார் என்றால், அது அவருடைய தங்கைக்காக. அவள் வேறொரு நாட்டில் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த வீட்டில், மூத்தவரான இவர்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கி, கட்டியும் கொடுத்தார். கட்டியவன் பாதியில் கை கழுவிவிட்டுப் போய்விட்டான், பாவி. நாத்தனார் என்றால் எனக்கும் அவ்வளவாக ஆகாதுதான். கல்யாணமான மறுநாளே, "அண்ணனுக்குக் காரம் ஒத்துக்காது அண்ணி" என்று அடுப்படியில் வந்து எனக்குப் பாடம் நடத்தியவள் அவள். ஆனால் இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும் என்று அவள் போனில் சொன்னபோது எனக்கே கை கால் ஓடவில்லை. கண் விழிக்கும்போது பக்கத்தில் அவளுக்கென்று ஒரு முகம் வேண்டும். இவரை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

"நான் போறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

போவது என்ன பக்கத்துத் தெருவா? நாங்கள் இருப்பதே இரவல் நாட்டில். குடியிருப்பு அட்டை வைத்திருப்பவன் இங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டுமாம். போனால் ஒழுங்காக இங்கே திரும்பி வந்துவிடுவேன் என்று அந்த நாட்டுக்காரனை நம்ப வைக்க வேண்டுமாம். இந்த நாடு எங்களை எப்போது மூட்டை கட்டச் சொல்லும் என்று எங்களுக்கே தெரியாது. இதில் திரும்பி வருவதற்கு நாங்கள் உத்தரவாதம்! இங்கே வேலையில் இருக்கிறார் என்று கம்பெனி தரவேண்டிய கடிதத்துக்காக ஆபீஸ் கிளார்க்கின் பின்னாலேயே இவர் அலைந்தார். அந்தப் புண்ணியவான், "இன்னைக்கு முதலாளி மூட் சரியில்ல" என்றே இழுத்தடித்தான். கடைசியில் முதலாளி வீட்டு லிஃப்ட் நின்றுபோனது. இவர் போய்ச் சரிசெய்துவிட்டு, அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் தூதர் வந்து சேர்ந்தார். மேல்மாடியில் இருக்கிற வேன் டிரைவர் அவர். விசா என்று யார் முணுமுணுத்தாலும் மூக்கில் வியர்த்துவிடும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் கட்டடத்துக்கே அவர் தூதர். அவருடைய பாஸ்போர்ட்டில் சொந்த ஊருக்குப் போய் வந்த முத்திரையைத் தவிர ஒரு புள்ளி கிடையாது.

"அண்ணே, தங்கச்சி இருக்குன்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க" என்று தூதர் திருவாய் மலர்ந்தார். "சொந்தம் இருக்குன்னா அங்கயே தங்கிடுவான்னு நினைப்பான். ஆஸ்பத்திரின்னா அதைவிட மோசம். ஊர் சுத்திப் பார்க்கப் போறேன், யாரையும் தெரியாது. முடிஞ்சது கதை."

எனக்குச் சுருக்கென்றது. "கூடப் பொறந்தவள இல்லைன்னு சொல்றதா? நல்லா இருக்கே!"

"பேப்பர்லதானே அண்ணி. நம்மாளுங்க எல்லாரும் இப்படித்தான் போயிட்டு வர்றாங்க."

அதுவும் பொய்யில்லை. எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ்காரன் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதுதான் பத்திரம் என்று ஊறிப்போயிருக்கிறது. இவர் என் முகத்தைப் பார்த்தார், தூதர் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "எப்படியோ, அவகிட்ட போய்ச் சேரணும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் எங்கள் வீடு பள்ளிக்கூடமாயிற்று. அருங்காட்சியகம், படகுத்துறை, உயரமான கோபுரம் என்று தூதர் ஒரு பயணத் திட்டம் போட்டுக் கொடுத்தார். வேலையிலிருந்து வந்து கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, நான் கேட்கக் கேட்க இவர் ஒப்பிப்பார்.

"முதல் நாள் எங்க போறீங்க?"

"ஆஸ்பத்... அருங்காட்சியகம்."

"போச்சு போங்க!" என்று தலையில் அடித்துக்கொள்வேன். சிரிப்பும் வரும், பயமும் வரும்.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன், ஆனால் காவலாளி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டான். உள்ளே நடந்தது, இவர் பிறகு துண்டு துண்டாகச் சொன்னதுதான். முதலில் கைரேகை எடுத்தார்களாம். இத்தனை காலம் இரும்பு வடத்தைப் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? இயந்திரம் மறுபடி மறுபடி சிவப்பு விளக்கைக் காட்ட, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, இவருக்கு அப்போதே வியர்த்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்.

"அங்க எதைப் பார்க்க ஆசை?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"கோபுரம்."

"கோபுரத்துல என்ன?"

"லிஃப்ட்" என்றாராம் இவர். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாளாம். அந்தச் சிரிப்பைப் பார்த்து, ஆகா, கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார் பாவம்.

அடுத்து, அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றார். உடன்பிறந்தவர்கள்? இல்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், யாருமே இல்லையா?

"யாருமே இல்ல."

அவள் கம்ப்யூட்டர் திரையை இவர் பக்கம் திருப்பினாள். தங்கை அந்த நாட்டில் குடியேறியபோது, குடும்பம் என்ற இடத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் எழுதியிருக்கிறாள். இவருடைய பெயர், பிறந்த தேதி, எல்லாம் இருந்தது. கீழே, உறவு என்ற இடத்தில், அண்ணன்.

"இவர் யார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். அவள் கோபப்படக்கூட இல்லையாம். இவர் சட்டைப் பைக்குள் ஆஸ்பத்திரிக் கடிதத்தின் நகல் இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று நான்தான் வைத்து அனுப்பினேன். அதை எடுத்து நீட்டியிருக்கிறார். அவள் படித்துவிட்டு, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பாஸ்போர்ட் உறையில் வந்தது. மறுத்திருந்தார்கள். பொய்த் தகவல் தந்தவர் என்று ஒரு வரி. நான் மேல்மாடிக்குப் போய்த் தூதரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். "நல்லதுன்னு நினைச்சுத்தான் அண்ணி சொன்னேன்" என்று கண் கலங்கினார். அடித்தாலாவது மனசு ஆறும், அழுகிறவனை என்ன செய்ய? மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் நேர்காணலுக்குக் காலியாக இருந்த முதல் நாளே ஆபரேஷனுக்கு வெகுநாள் கழித்துத்தான். சொந்த ஊருக்குப் போய் அங்கிருந்து முயற்சி செய்யலாமா என்று விசாரித்தோம். வசிக்கிற நாட்டிலேயே மறுத்த பிறகு இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று கேட்பார்கள் என்றார்கள். நான் போகலாம் என்றால், என் அட்டையே அவர் அட்டைக்கு வால், அவருக்கு மறுத்தவர்கள் எனக்கா கொடுப்பார்கள்? இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு விசா அலுவலக வாசலில் போய் நின்றார். அந்தப் பெண் வெளியே வந்தால் ஒரு வார்த்தை கெஞ்சிக் கேட்கலாம் என்று நினைப்பு. ஊழியர்களுக்குப் பின்பக்கம் தனி வாசல் இருக்கிறது என்று சாயங்காலம் காவலாளிதான் சொல்லி அனுப்பினான்.

தங்கையிடம் சொல்லவில்லை. இதயம் கெட்டுக் கிடப்பவளிடம் எந்த வாயால் சொல்வது? "விசா என்னாச்சுண்ணா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "வந்துடும்மா" என்பார். போனை வைத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னைக்காவது சொல்லுங்க, அவ வாசலையே பார்த்துட்டுக் கிடக்கப் போறா" என்று கத்துவேன். தலையை ஆட்டுவார், அதோடு சரி.

மறுநாள் ஆபரேஷன் என்கிறபோது அவளே கூப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவர் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தேன். இவர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்தும்மா, அந்த விசா..."

"இன்னும் கைக்கு வரலையா? பரவாயில்ல, கடைசி நேரத்துல குடுத்தாலும் குடுப்பாங்க. நீ நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடு" என்றாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "இங்க வெளியாட்கள உள்ள விடமாட்டாங்க. நான் வார்டுல உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். நர்ஸுங்க எல்லாருக்கும் உன்னைத் தெரியும், அவ்வளவு சொல்லியிருக்கேன். உனக்குப் பாஷை தெரியாதுன்னு கவலைப்படாத. யாராவது நிறுத்திக் கேட்டா, அவளுக்கு அண்ணன்னு மட்டும் சொல்லு, போதும். உள்ள விட்டுடுவாங்க."

"சரிம்மா" என்றார் இவர்.